துறைமுகப் பொறியியல் தாள்: மணலிலிருந்து தொடங்குங்கள்

போன வாரம் முடிவு வந்துவிட்டது. கடலோரப் பொறியியல் விருப்பப் பாடத்தில் ஓ கிரேடு. "அந்தத் தாளை எடுக்காதே, அலைக் கணக்கில் ஆளை விழுங்கிவிடும்" என்று சீனியர்கள் சொல்லிச் சொல்லியே எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார்கள். எடுத்தவர்களும் கடைசி வரை பயந்துகொண்டே இருந்தோம். இப்போது மூச்சு சீராகிவிட்டதால், அடுத்து எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பாடத்தை எல்லோரும் அலையிலிருந்து படிக்கிறார்கள். நான் மணலிலிருந்து படித்தேன். எந்தத் துறைமுகக் கேள்வி வந்தாலும், பேனாவை எடுத்ததும் ஒரு கரைக்கோடு, ஒரு வடக்கு அம்பு, மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று இன்னொரு அம்பு. இந்த மூன்றையும் போட்ட பிறகுதான் முதல் வாக்கியம். அலைதடுப்புச் சுவர் எங்கே, படகு நுழையும் துறைமுக வாய் எந்தத் திசை, தூர்வார வேண்டியது எந்த இடம், கரை அரிக்கப் போவது எந்த ஊர் என்று பதிலில் எழுத வேண்டிய எல்லாமே அந்த இரண்டாவது அம்பிலிருந்து தானாக வரும்.

இதைப் பாடக்குறிப்பில் படித்தால் மனதில் நிற்காது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

நம் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. மணல் வடக்கே போகிறது. வாடைக்காற்று மாதங்களில் அலை வடகிழக்கிலிருந்து வருகிறது. மணல் தெற்கே திரும்புகிறது. முதல் பருவம் நீளமானது என்பதால் ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பகுதியில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு மணல் வரத்து நின்றது. தேங்கும் மணலைப் பம்பு வைத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது; ஆனால் தேவையான அளவுக்கு அது தொடர்ந்து நடக்கவில்லை. பீச் ரோட்டைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு வைத்திக்குப்பம், சோலைத்தாண்டவன்குப்பம் என்று வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி வரை போனது.

படிப்பு விடுமுறையில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். தெற்குச் சுவர் ஓரமாக நின்றால் வீராம்பட்டினம் பக்கம் மணல் அகலமாக விரிந்து கிடக்கிறது. அதே நடையில் வடக்கே வந்தால் கல்மேல் அலை நேராக அடிக்கிறது. கால் வைக்க மணல் இல்லை. வைத்திக்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, முன்பெல்லாம் படகை எங்கே இழுத்து வைப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் கல்லைத் தாண்டிக் கடலுக்குள் கையை நீட்டினார். "அதோ, அங்கே. இங்கே கல் கொட்டினால் அடுத்த ஊர் கரையும் தம்பி. அவன் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல்சுவர்) கேட்பான். அது முடிந்தால் அதற்கடுத்த ஊர்." பதினைந்து மதிப்பெண் கேள்விக்கான பதில் அவ்வளவுதான். நீரோட்டக் கீழ்ப்புற அரிப்பு என்று நாம் எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுச்சேரியில் அதற்கு முன்பே கடலுக்குள் நீண்ட பாலம் இருந்தது. 2022-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே, அதுதான். அது தூண்கள்மேல் நின்றது. அலையும் மணலும் அடியில் புகுந்து போயின. அதனால் கரை கெடவில்லை. கெட்டது, அடிவரை கல் நிரப்பிய சுவர் வந்த பிறகு. தூண்பாலத்துக்கும் கல்சுவருக்கும் நீரியல் வேறுபாடு கேட்டால் இந்த ஒரே ஊரின் உதாரணம் போதும். காந்தி சிலைப் பக்கம் மணல் மறுபடி சேர்ந்ததற்கு, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டத்தில் 2018-இல் நீருக்கடியில் இறக்கிய செயற்கைத் திட்டு முக்கியக் காரணம். அதையும் ஒரு வரி எழுதுங்கள். தீர்வு என்ற தலைப்புக்கு அது உதவும்.

எனக்கு வந்த பார்ட் சி கேள்வி: கிழக்குக் கரையில், நிகர மணல் நகர்வு வடக்கு நோக்கி இருக்கும் இடத்தில், ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் அமைப்பை வரைந்து விளக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் துறைமுக வகைகளைப் பட்டியல் போட ஆரம்பித்ததைப் பார்த்தேன். நான் எழுதிய வரிசை இது:

- கரைக்கோடு, இரண்டு அம்புகள், இரண்டு பருவ அலைகளின் திசை.
- தெற்குச் சுவர் நீளம். நுனி வளைந்து வாயை மூடிக்கொண்டு வடக்கே திரும்பும். வடக்குச் சுவர் குட்டை.
- அப்படித் திருப்பினால் மணல் வாய்க்குள் வராது. ஆனால் வாடை மாத அலைக்கு வாய் திறந்து கிடக்கும். இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எழுதினேன்.
- வாய்க்குள் புகும் அலை எவ்வளவு தணியும் என்ற கணக்கு.
- தெற்கே மணல் பொறி (மணல் வந்து தேங்கும் பள்ளம்), அங்கிருந்து வடக்கே மணல் சேர்க்கும் பம்பு, ஆண்டுதோறும் எப்போது இயக்க வேண்டும்.
- வடக்குக் கரையில் எவ்வளவு தூரம் கண்காணிக்க வேண்டும்.

மூன்றாவது வரியில்தான் மதிப்பெண் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னைத் துறைமுகத்தின் கதையும் இதுவே. முதலில் வாய் கிழக்கே இருந்தது. 1881 புயல் சுவர்களைச் சிதைத்தது. மணலும் வாயை அடைக்க வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயை வடகிழக்குக்கு மாற்றினார்கள். தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால், திருத்துபவருக்கு நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை என்பது தெரியும்.

இனி அலைக் கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓர் இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். அலைக்காலம் (ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 8 விநாடி என்றால் ஆழ்கடல் அலைநீளம் L₀ = 1.56 × 64, அதாவது ஏறக்குறைய 100 மீட்டர். ஆழம் 5 மீட்டர். 5-ஐ 100-ஆல் வகுத்தால் 0.05. ஆழத்தை அலைநீளத்தால் வகுத்த விகிதம் 0.05-க்குள் இருந்தால் ஆழமற்ற நீர் என்பது விதி. "அப்படியானால் ஆழமற்ற நீர், வேகம் √(gd)" (g புவியீர்ப்பு முடுக்கம், d ஆழம்) என்று எழுதிவிடுகிறார்கள். 0.05 என்ற எல்லை அந்த இடத்து அலைநீளத்தோடு ஒப்பிட வேண்டியது, ஆழ்கடல் நீளத்தோடு அல்ல. அந்த ஆழத்தில் உண்மையான அலைநீளம் சுமார் 53 மீட்டர், விகிதம் 0.094. இது இடைப்பட்ட ஆழம். ஆழ்கடல் நீளத்தோடுதான் ஒப்பிடுவேன் என்றால், எல்லை 0.015 அளவுக்கு இறங்கிவிடும். அட்டவணை தரவில்லையென்றால், L₀-ஐ √tanh(2πd/L₀)-ஆல் பெருக்குங்கள். இங்கே 55 மீட்டர் வரும். நான்கைந்து சதவீதத்துக்குள் நிற்கும் தோராயம். அதைத் தொடக்க மதிப்பாக வைத்துச் சில சுற்று திருத்தினால் 53-க்கு வந்துவிடுவீர்கள்.

சுவரின் வெளிப்புறத்தில் அலையைத் தாங்கும் கவசக் கல்லின் எடைக்கு ஹட்சன் சூத்திரம். இதில் அலை உயரம் மும்மடியாக வருகிறது; உயரத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் கல் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே கல்லை விட்டுவிட்டு உயரத்தைச் சரிபாருங்கள். ஆழம் 4 மீட்டர் என்றால் 0.78-ஆல் பெருக்கி, அங்கே நிற்கக்கூடிய அலை சுமார் 3.1 மீட்டர்தான் என்று முதலில் எழுதுங்கள். கேள்வியில் 5 மீட்டர் அலை கொடுத்திருந்தாலும் அது சுவருக்கு வரும் முன்பே உடைந்துவிடும். பிறகு நீர் கடல்நீர் என்பதை மறக்காதீர்கள். உயரம் 3 மீட்டர், சரிவு 1:2, உடையும் அலைக்குச் சூத்திரத்தின் நிலைப்புக் கெழு 2, கல் அடர்த்தி கன மீட்டருக்கு 2650 கிலோ என்று வைத்தால், 1025 அடர்த்தியுள்ள கடல்நீரில் கல் 4.5 டன் வருகிறது. நன்னீரை வைத்துப் போட்டால் 4 டன்தான். அரை டன் குறைவாகக் கல் போட்ட சுவர் அது.

மாதிரிச் சோதனைக் கணக்கு கேட்பார்கள். சிறிய மாதிரியின் அளவுகளை உண்மையான அளவுக்கு மாற்ற ஃப்ரூட் விதி: நீளம் 1:25 என்றால் காலம் அதன் வர்க்கமூலம், 1:5. எடை நீள விகிதத்தின் மும்மடி. இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

உல்லாசப் படகுத்துறைப் பகுதியை எல்லோரும் ஒதுக்குகிறார்கள். ஒதுக்காதீர்கள். எங்கள் வகுப்பில் கடைசி நாட்களில் இதை மேலோட்டமாகப் புரட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் கேள்வி வந்தது. சிறு படகுகள் நிற்கும் குளத்துக்குள் அலை 0.3 மீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வாயில் 1.2 மீட்டர் அலை இருந்தால், அலை வளைந்து உள்ளே வரும்போது கால் பங்காகக் குறைய வேண்டும். சுவர் நுனியிலிருந்து அலை போகும் திசையில் நேர்கோடு இழுத்தால், அந்த நிழல் கோட்டின்மேலேயே அலை ஏறக்குறைய பாதி உயரம் இருக்கும். ஆகவே படகு மேடை நிழலுக்குள் நன்றாகத் தள்ளி வர வேண்டும்.

சிறிய அலையைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது நீண்ட அலை வந்து குளத்தையே தொட்டில்போல ஆட்டும். 500 மீட்டர் நீளம், 5 மீட்டர் ஆழம், ஒரு பக்கம் திறப்பு: குளம் ஒருமுறை ஆடி முடிக்கும் காலத்துக்கு 4L/√(gd) போட்டால் (L குளத்தின் நீளம்) 286 விநாடி. நான்கு பக்கமும் மூடிய குளத்துக்கு 2L/√(gd); 143 விநாடி. இந்த 4-க்கும் 2-க்கும் இடையில் மட்டும் குழம்பாமல் இருந்தால் மதிப்பெண் உறுதி.

நம் கரையின் இன்னொரு சிக்கல், ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) குறைவு. வீச்சு ஒரு மீட்டருக்கும் கீழேதான். உள்ளே இருக்கும் நீர் மாறாமல் நாறும். முகத்துவாரமும் மணலால் அடையும். இதற்குக் கணக்கு இருக்கிறது. கழிமுகப் பரப்பை ஓத வீச்சால் பெருக்கினால் ஓதக் கொள்ளளவு. அதை ஆண்டு மணல் நகர்வால் வகுத்து வரும் எண் 150-க்கு மேல் இருந்தால் வாய் தானாகத் திறந்திருக்கும். 100-க்குக் கீழே போனால் மணல்திட்டு உருவாகும். 20-க்குக் கீழே நிலைக்காது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, 0.8 மீட்டர் வீச்சு, ஆண்டுக்கு 4 லட்சம் கன மீட்டர் மணல் என்று வைத்துப் பாருங்கள்: விடை 2. கடலூர் முதுநகரில் உப்பனாற்று முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த 2 என்ற எண்ணைப் பார்த்ததும் தூர்வாரும் எந்திரத்தின் சத்தமே கேட்கும்.

படிக்கும் முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் கூட்டமாகப் படிக்க மாட்டேன். தனியாக, வெள்ளைத் தாளில், வரைந்து வரைந்துதான் படித்தேன். உங்களுக்குக் குழுவாகப் பேசினால்தான் ஏறும் என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் படம் வரைவதை இன்னொருவரிடம் விட்டுவிடாதீர்கள்.

விடக்கூடியவை: கப்பல் கட்டும் உலர்துறை வகைகள், மிதவை விளக்குகளின் நிறங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வராது.

விடக்கூடாதவை: கெய்சன் (பெரிய கான்கிரீட் பெட்டி) சுவருக்கும் கல்மேட்டுச் சுவருக்கும் அலை பிரதிபலிப்பில் உள்ள வேறுபாடு, சுவரடி அரிப்பு, வடிகட்டி அடுக்கு ஏன் தேவை.

கடைசியாக, மீள்வருகைக் கேள்வி, அதாவது ஒரு பெரிய அலை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை அனுபவித்தவர்கள் நாம். "50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலைக்குக் கட்டிய சுவர், 50 ஆண்டு பாதுகாப்பாக இருக்குமா?" என்று கேட்டால் ஆம் என்று எழுதிவிடாதீர்கள். 1 − (1 − 1/50)⁵⁰ போடுங்கள். அந்த அலை ஒரு முறையாவது வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. 100 ஆண்டு அலைக்குக் கட்டினாலும் அதே 50 ஆண்டில் 39.5 சதவீதம். இரண்டு எண்களையும் எழுதி, எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.