அலுவலகம் எந்த ஊரில்?

மார்ச் 3

நேபாளத்தின் காவுன்பாலிகாக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அக்கம்பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்து உண்டாக்கிய ஊரக நகராட்சிகள் இவை. இன்று நாட்டில் உள்ள 753 உள்ளாட்சிகளில் 460 இந்த வகை. இவற்றுக்கு முன்பு கிராமங்களின் உள்ளாட்சிகளாக 3,000-க்கும் மேற்பட்ட கிராம வளர்ச்சிக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 9 வார்டுகள்.

படித்ததில் மனதை விட்டுப் போகாதது ஒன்று. 2002-இல் அந்தக் குழுக்களின் உறுப்பினர்களுடைய பதவிக்காலம் முடிந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2017-இல்தான். 2002-இல் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும் வரை, கிராமத்தை நடத்தியது மேலிருந்து அனுப்பிய செயலாளர்தான்.

மார்ச் 4

ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு விடை 2015 அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. உள்ளாட்சிக்கு மட்டுமே உரிய 22 அதிகாரங்கள். பள்ளிக் கல்வி, அடிப்படைச் சுகாதாரம், உள்ளூர்ச் சாலை, பாசனம் எல்லாம் அதில் வருகின்றன. இத்தனையையும் செய்யப் பொறியாளர் வேண்டும், கணக்கர் வேண்டும். சின்னஞ்சிறு கிராமம் தனியாக இவர்களை வைத்துக்கொள்ள முடியாது. அதிகாரம் வந்தால் அதைத் தாங்கும் அளவும் வேண்டும். இணைப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

மார்ச் 6

ஆனால் அலுவலகம் எந்த ஊரில்? இரண்டு நாளாக இதே நினைப்பு.

வரைபடத்தில் இரண்டு கிராமங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஓர் ஆறு ஓடினால் இறங்கி ஏறவே பாதி நாள் போய்விடும். முன்பு தன் கிராமத்திலேயே முடிந்த வேலைக்கு இப்போது மலையைச் சுற்ற வேண்டும். மையம் எங்கே என்பதில் பல இடங்களில் சண்டை வந்ததில் வியப்பே இல்லை. அதைப் பதவிப் போட்டி என்று ஒதுக்குவது தப்பு. மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு நடக்க வேண்டியவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

பாரத்தைக் கொஞ்சம் குறைப்பது வார்டு அலுவலகம். பழைய கிராமம் பல இடங்களில் அப்படியே ஒரு வார்டாகிவிட்டது. பிறப்புப் பதிவு, குடியுரிமைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சரி, வேலை நடக்கிறது. தலைமுறைகளாகச் சொல்லிவந்த ஊர்ப்பெயர் மட்டும் கடிதத்தில் ஓர் எண்ணாகிவிடுகிறது.

மார்ச் 7

வார்டுக் குழுவில் தலைவரோடு நான்கு உறுப்பினர்கள். இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண். காவுன்பாலிகாவின் துணைத் தலைவரே நீதிக் குழுவுக்கும் தலைவர்; 2017-இல் வென்ற துணைத் தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வாய்க்கால் தகராறையும் வரப்புத் தகராறையும் அவர்கள் முன்னால் கொண்டுபோகலாம். படித்தபோது மனம் நிறைந்தது.

மார்ச் 9

பெயரைப் பற்றி யோசித்தபோது ஜப்பான் நினைவுக்கு வந்தது. ஐச்சி மாநிலத்தில் மிஹாமா, மினாமிச்சிதா என்ற இரு ஊர்களை இணைப்பதாக இருந்தது. அருகே புதிதாக வந்த விமான நிலையத்தின் பெயரை ஒட்டி, ‘மினாமி சென்ட்ரேர்’ என்று புதிய நகரத்துக்குப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் கொதித்துப்போனார்கள். 2005 பிப்ரவரி வாக்கெடுப்பில் இணைப்பே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இன்றும் அவை தனித்தனி ஊர்கள்தான். தன் மண்ணை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று அங்கே வாழ்பவரிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 10

2017-இல் இதே நாளில்தான் நேபாளத்தில் புதிய அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்று 744, அப்புறம் கூடி 753 ஆனது. ஒரே நாளில் பழைய குழுக்கள் இல்லாமல் போயின. அடுத்து, மலைப்பகுதி காவுன்பாலிகா ஒன்றின் வார்டு எல்லைகளைப் பழைய கிராம எல்லைகளோடு வைத்துப் பார்க்கப் போகிறேன். எந்த வார்டிலிருந்து அலுவலகத்துக்கு நடை அதிகம் என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.