நாலு சிலிண்டரா, ஆறா? பின்வரிசை பிளக்கைக் கேளுங்கள்

வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ பழைய கார் விற்கும் இடங்களில் அவ்வப்போது ஒரு பெரிய வண்டி வந்து நிற்கும். 2009, 2010 மாடல் ஹோண்டா அக்கார்டு. பின்னால் சின்ன எழுத்தில் வி6, அதாவது வி வடிவில் இரண்டு வரிசையாக ஆறு சிலிண்டர். இல்லையென்றால் நிசான் டியானா. லெதர் சீட், பின்னால் கால் நீட்டி உட்கார இடம். விலை கேட்டால் புது டிசையர் விலையில் பாதிகூட வராது. "அண்ணா, இந்தக் காசுக்கு ஆறு சிலிண்டரே வருதே, எதுக்கு மூணு சிலிண்டர் டிசையரு?" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 நவம்பரில் வந்த புது டிசையரில் இருப்பது மூன்று சிலிண்டர், 82 பி.எஸ். (குதிரைத்திறன்). அதற்கு முந்தைய நாலு சிலிண்டர் டிசையர் 90 பி.எஸ். கொடுத்தது. புதிதாக ஆறு சிலிண்டர் செடான் வேண்டும் என்றால் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, மெர்சிடிஸ் இ450 என்று போக வேண்டும். அது நம் பேச்சுக்கு வெளியே. அமெரிக்காவிலேயே குடும்ப செடானில் ஆறு சிலிண்டர் முடிந்த கதை. அக்கார்டு 2018 மாடலோடு வி6-ஐ விட்டது, கேம்ரி 2025 மாடலோடு விட்டது. ஆக, நமக்கு ஆறு சிலிண்டர் என்றாலே பழைய வண்டிதான். அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் ஆறு சிலிண்டரில் என்ன சுகம் என்று பார்ப்போம். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள், அதாவது 720 டிகிரிக்குள், எல்லா சிலிண்டரும் ஒரு முறை வெடித்தாக வேண்டும். மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, நாலில் 180-க்கு ஒன்று, ஆறில் 120-க்கு ஒன்று. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் 700 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் நாலு சிலிண்டர் வினாடிக்கு 23 தடவை தட்டுகிறது, ஆறு 35 தடவை. தட்டு நெருக்கமாக விழ விழ உடம்புக்கு அது அதிர்வாகத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும், ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அந்த வித்தியாசம் கிராங்க் வேகத்தைப் போல இரண்டு மடங்கில் மேலும் கீழுமாக உதறும். இன்ஜின் பெரிதாகப் பெரிதாக உதறலும் பெரிதாகும். அதனால்தான் 2.4, 2.5 லிட்டர் நாலு சிலிண்டர்களில் அந்த உதறலை எதிர் எடையால் அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்கிறார்கள். நேர்வரிசை ஆறில் இந்த உதறல் தானாகவே அடங்கிவிடும். வி6 அந்த அளவு சுத்தமில்லை, இருந்தாலும் நாலைவிட நிதானம். ஏ.சி. போட்டு கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டு ஓரத்தில் விரல் வைத்துப் பாருங்கள், புரியும்.

ஆனால் நாலு சிலிண்டர் செடானில் சீட்டும் ஸ்டியரிங்கும் உதறினால் உடனே சிலிண்டர் எண்ணிக்கையைக் குறை சொல்லக் கூடாது. பாதிக்கு மேல், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் போன கேஸ்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்து டி-யில் போடுங்கள், பிறகு ஆர்-இல். இன்ஜின் ஒரு பக்கம் எகிறி விழுந்தால் மவுண்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் திரவம் கசிந்துவிட்டது. மாற்றினால் அதே நாலு சிலிண்டர் அடங்கிப் போகும்.

அடுத்தது இழுவை. இங்கேதான் பலருடைய கணக்கு பழையதாக இருக்கிறது. டியானாவின் 2.5 லிட்டர் வி6 கொடுத்தது 182 பி.எஸ்., 228 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த 228-உம் 4,400 ஆர்.பி.எம்.-இல்தான் முழுதாகக் கிடைக்கும். இன்றைக்கு ஸ்லாவியா, விர்டஸில் வரும் 1.5 டர்போ நாலு சிலிண்டர் 1,600-லேயே 250 கொடுக்கிறது. வெர்னா 1.5 டர்போ 253. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஐந்து பேரோடு, ஏ.சி.யோடு ஏறும்போது வேண்டியது அடிமட்ட இழுவை. அங்கே டர்போ நாலு சிலிண்டர்தான் சுலபமாக ஏறும். பள்ளிகொண்டா டோல் தாண்டி நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்கும்போது 3.5 லிட்டர் அக்கார்டின் 275 பி.எஸ். வேறு ருசி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ருசி வாரத்துக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டர்போவிலும் தொல்லை இருக்கிறது. ஸ்லாவியா 1.5-இன் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது ஆயிலில் முங்காத இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். காட்பாடி ரோட்டு நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டுப் பாதி பிடித்து ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். முன்னால் ஒரு கார் அளவு இடைவெளி விட்டு, விட்டு விட்டு நகர்வது நல்லது. டர்போவே வேண்டாம் என்றால் சிட்டியின் 1.5 நாலு சிலிண்டர் 121 பி.எஸ். ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

பெட்ரோல் கணக்கை எல்லாரும் முதலில் கேட்பார்கள், நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஒரே வண்டி, இரண்டு இன்ஜின் என்று ஒப்பிட 2024 அமெரிக்க கேம்ரி வசதி. அந்நாட்டு அரசு சோதனையில் 2.5 நாலு சிலிண்டர் கேலனுக்கு 32 மைல், 3.5 வி6 26 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 13.6, 11 கிலோமீட்டர். வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதலாகச் சுமார் 200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய். நம் ஊர் நெரிசலிலும் பழைய இன்ஜினிலும் இது இன்னும் கூடும். இன்சூரன்ஸில் ஒரு சமாதானம்: 1,500 சி.சி.க்கு மேல் எல்லாமே மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒரே படி. 2.4 நாலு சிலிண்டருக்கும் 3.5 வி6-க்கும் அங்கே வித்தியாசம் இல்லை.

செலவு நிஜமாக எங்கே இருக்கிறது என்றால், மெக்கானிக் கை நுழையாத இடத்தில். குடும்ப செடானில் வி6-ஐக் குறுக்கே வைத்திருப்பார்கள். மூன்று சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம், மூன்று சிலிண்டர் கேபின் சுவர் பக்கம். டியானாவில் 1, 3, 5-ஆவது சிலிண்டர்கள் பின்வரிசை. அதன் தலைக்கு மேலே, காற்றை உள்ளே அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக வெடிக்காமல் "மிஸ்ஸிங் அடிக்குது" என்றால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோளாறு கூடவே நகர்கிறதா என்று பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். டியானாவில் மூன்றாவது சிலிண்டர் மிஸ் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் டக்ட், த்ராட்டில் பாடி, வேக்யூம் ஹோஸ்கள், பிறகு மேல் மேனிஃபோல்டு என்று எல்லாம் இறங்க வேண்டும்.

மேனிஃபோல்டு தூக்கியதும் முதல் வேலை, திறந்து கிடக்கும் துவாரங்களில் சுத்தமான துணி அடைப்பது. ஒரு 10 எம்.எம். நட்டு உள்ளே விழுந்தால் ஹெட்டே இறங்கும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தக் குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் குழியில் இருக்கும் மண் சிலிண்டருக்குள் போகும். ஹெட் அலுமினியம், அதனால் புது பிளக்கை முதலில் கையால் மட்டும் திருகி, கடைசியில்தான் அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். கேஸ்கெட்டைப் பழையதே போதும் என்று வைக்காதீர்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு வேக்யூம் ஹோஸ் சரியாக உட்காரவில்லை என்றால் ஐடிலிங் ஏறி இறங்கும், ஸ்கேனரில் பி0171, பி0174 என்ற கோளாறு எண்கள் வரும். நிசானில் த்ராட்டில் பாடியைக் கழற்றினால் ஐடிலிங்கை ஸ்கேனர் வைத்து மறுபடி பழக்கவும் வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு "பெட்ரோல் சரியில்ல சார்" என்று சொல்லும் இடங்களும் உண்டு. இவ்வளவு திறந்த பிறகு ஒரு காயில் மட்டும் மாற்றுவது முட்டாள்தனம். பின்வரிசை பிளக் மூன்றையும் இரிடியமாகவே மாற்றிவிடுங்கள், லட்சம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

அக்கார்டு வி6-இல் பின்வரிசை பிளக்குக்கு மேனிஃபோல்டு இறங்க வேண்டியதில்லை, நெருக்கடியில் கை வைத்து எடுத்துவிடலாம். அதன் வில்லங்கம் வேறு. வால்வுகளை கிராங்கோடு சேர்த்து ஓட்ட டைமிங் செயின் இல்லை, பெல்ட். சுமார் 1,60,000 கிலோமீட்டர் அல்லது ஏழு வருஷம், எது முதலோ அது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் முடிந்தது. 15 வருஷ வண்டியில் ஓடோமீட்டரை நம்பாதீர்கள். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து விலையில் கழியுங்கள். சிலிண்டர்களைத் தூங்கவைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வி.சி.எம். ஏற்பாடும் அதில் உண்டு. அந்தச் சிலிண்டர்களில் ஆயில் ஏறி பிளக் கருப்பது தெரிந்த குறை. டிப்ஸ்டிக்கை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பாகங்களுக்குப் புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு என்று அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் நாட்களில் வண்டி ஷெட்டில் நிற்கும்.

வெயிலை மறக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரி சாதாரணம். வி6 போனட்டுக்குள் இடுக்கு கிடையாது, பின்வரிசையின் எக்ஸாஸ்ட் சூடு கேபின் சுவரிலேயே தேங்கும். பிளாஸ்டிக் கனெக்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் சீக்கிரம் மொறமொறப்பாகிவிடும். இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது. உப்புத் தண்ணீர் அலுமினிய ரேடியேட்டரில் படிந்து குழாயை அடைத்துவிடும். ரெடி மிக்ஸ் கூலன்ட், அல்லது கான்சன்ட்ரேட்டோடு சரிபாதி, உப்பு நீக்கிய டி.எம். வாட்டர். வேறு எதுவும் வேண்டாம். டியானாவில் படிப்படியான கியர் இல்லாத சி.வி.டி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேறு, மலையேற்றத்தில் அதுதான் முதலில் சூடாகும். அதற்கான என்.எஸ்.-2 ஆயில் மாற்றிய கணக்கு இல்லாத டியானாவைத் தொடாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதால், 2023-க்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

என் கணிப்பில், ஒரே கார் வைத்திருக்கும் வீட்டுக்கு நாலு சிலிண்டர்தான். பெரிய வண்டிதான் வேண்டும் என்றால் 2012-க்குப் பிந்தைய கேம்ரி 2.5, டைமிங் செயின், நாலு பிளக்கும் மேலேயே, ஆயில் 4.4 லிட்டர். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கும் பழக்கமாக இருந்தால் மட்டும் வி6; வாங்கும் விலையில் கால்பங்கு ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

பார்க்கப் போகும்போது முதலில் ஆர்.சி. பதிவெண் நம் பக்கத்து டி.என். 23, 73, 83 எதுவானாலும் 15 வருஷம் தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி. பிறகு இன்ஜின். ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் செயின் சலசலப்பும் பிளக் மிஸ்ஸும் வெளியே வரும். அதனால் புரோக்கர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பார். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் வெயிலில் நின்ற போனட் எப்படியும் சுடும், அதைத் தொட்டு ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிக்குள் போய், போனட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடாக இருந்தால் "நாளைக்கு வரோம் சார், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.