நாணய மெஷின்களில் கார்டு ரீடர் பொருத்தியபோது

என்னிடம் இருப்பவை நான்கு துவைக்கும் மெஷின், இரண்டு டிரையர், ஒரு குளிர்பான மெஷின். எல்லாமே நாணயம் போட்டால் ஓடுபவை. ஈரத்துணி நிறைந்த வாளியோடு டிரையர் முன்னால் நின்று, சில்லறை இல்லை என்று ஒருவர் திரும்பிப் போனதைப் பார்த்த அன்றுதான் கார்டு ரீடர் வைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீடரை வாங்கும் முன் மெஷினின் கதவைத் திறந்து, நாணயம் வாங்கும் அக்செப்டரில் இருந்து மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு என்ன வயர் போகிறது என்று பாருங்கள். எந்த ரீடர், எந்தக் கேபிள் என்பதை அந்த வயர்தான் முடிவு செய்யும். நான் எல்லாவற்றுக்கும் ஒரே கேபிளை ஆர்டர் செய்துவிட்டு, பாதியை மாற்ற வேண்டியதாயிற்று.

குளிர்பான மெஷினில் வேலை சுலபம். அதில், போர்டும் பணம் வாங்கும் கருவிகளும் பேசிக்கொள்வதற்கான எம்டிபி (MDB) என்ற தரம் இருந்தது. ஆறு பின் கனெக்டர், அதே கேபிளிலேயே 34 வோல்ட் மின்சாரமும் வந்துவிடும், தனி அடாப்டர் வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்து, சில்லறை தரும் கருவிக்குப் போகும் கேபிளின் நடுவில் ரீடரின் கிளைக் கேபிளைச் செருகி, மறுபடி போட்டேன். போர்டு எழுந்ததும் தன்னோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்கும். ரீடரும் பதில் சொல்லிவிட்டது. மெனுவில் கார்டு வசதியை இயக்கியதோடு சரி.

எம்டிபியின் பெரிய நன்மை, அதில் பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது. எந்தப் பொருள், என்ன விலை என்று போர்டு சொல்லும், ரீடர் அனுமதி வாங்கித் தரும், பாட்டில் விழுந்ததா இல்லையா என்று போர்டு திரும்பச் சொல்லும். விழவில்லை என்றால் பணத்தை எடுக்கக் கூடாது. ஒரு வரிசையைக் காலியாக வைத்து, என் கார்டாலேயே அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். வங்கி செயலியில் தொகை நிறுத்திவைக்கப்பட்டதாகக் காட்டியது, பிறகு விடுபட்டது. விடுபட வங்கியைப் பொறுத்துச் சில நாள்கூட ஆகலாம். இதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பணம் போய்விட்டது என்றே நினைப்பார்கள்.

துவைக்கும் மெஷின்களில்தான் எனக்கு இரண்டு வாரம் போனது. அங்கே இருப்பது பல்ஸ். நாணயம் உள்ளே போனதும் அக்செப்டர் போர்டுக்கு ஒரு சின்ன மின்துடிப்பு அனுப்பும், போர்டு அதை எண்ணும், அவ்வளவுதான். ரீடரும் நாணயம் விழுந்தது போலவே துடிப்பு அனுப்புகிறது. அனுப்பிய பிறகு மெஷின் ஓடியதா என்று அதற்குத் தெரியவே தெரியாது.

ஒரு துவைப்புக்கு நான்கு பல்ஸ். பத்து முறை கார்டு தட்டிப் பார்த்ததில் எட்டு முறை ஓடியது. இரண்டு முறை திரையில் இன்னும் ஒரு நாணயம் பாக்கி என்று நின்றது, ஆனால் பணம் முழுதாகப் போயிருந்தது. வயரைக் குறை சொல்லி மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் அக்செப்டரைக் கழற்றியபோது பக்கவாட்டில் வேகம் மாற்றும் ஒரு சின்ன ஸ்விட்ச் கண்ணில் பட்டது. அது மெதுவான நிலையில், அதாவது 100 மில்லிசெகண்டில் இருந்தது. ரீடரோ 50-இல் அனுப்பிக்கொண்டிருந்தது. குறுகிய துடிப்புகளை மின் இரைச்சல் என்று எண்ணிப் போர்டு அவ்வப்போது தள்ளிவிட்டிருக்கிறது. ரீடரின் அமைப்பில் அகலத்தை 100, இடைவெளியை 150 என்று வைத்தேன். நான்கு துடிப்பும் ஒரு செகண்டுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ஐம்பது முறை தட்டியும் ஒன்றுகூடத் தவறவில்லை. பல்ஸ் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். யாரும் பணம் போடாமலே எண்ணிக்கை ஏறிவிடும்.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. ஒரு பெரியவர், பக்கத்தில் வேறொருவருடைய துணி ஓடிக்கொண்டிருந்த மெஷினில் கார்டைத் தட்டிவிட்டார். நாணயமாக இருந்தால், மெஷின் ஓடும்போது போர்டு அக்செப்டருக்குத் தடை சிக்னல் அனுப்பி நாணயத்தைக் கீழே திருப்பிவிடும். ரீடருக்கு அந்தத் தடை வயரை நான் இணைக்கவில்லை. அவர் பணத்தை அங்கேயே கையில் கொடுத்து மன்னிப்பு கேட்டேன். அன்று இரவே எல்லா மெஷினிலும் அந்த வயரை ரீடருக்கும் கொண்டுவந்தேன். இப்போது ஓடும் மெஷின் கார்டை வாங்குவதில்லை. பல்ஸ் மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வயரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ரீடர் வெளியே பேசுவது அதிலுள்ள சிம் வழியாகத்தான். அந்த மொபைல் சிக்னலைச் சோதிக்கும்போது கதவை மூடிவிட்டுச் சோதியுங்கள். திறந்த கதவில் நன்றாக வேலை செய்த சிம், இரும்புக் கதவை மூடியதும் தொடர்பை இழந்தது. ஆன்டெனாவை மெஷினின் தலைமேல் ஒட்டியதும் சரியானது. ரீடரின் முகமும் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது, தட்டும் கார்டுகள் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பேசும்.

கார்டில் பணம் வாங்குவதற்கான காகித வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கின் பெயரும் விண்ணப்பத்தின் பெயரும் ஒரு எழுத்து பிசகாமல் இருக்கட்டும், என்னுடையது அதற்காகத்தான் ஒருமுறை திரும்பி வந்தது. கட்டணத்தில் மட்டும் கவனம் வையுங்கள். சதவீதத்தோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிலையான ஒரு தொகையும் பிடித்தார்கள். சின்னத் தொகைக்கு அது கடிக்கும். அதனால் ஒரு தட்டலுக்கு ஒரு நாணயம் என்று வைக்காமல், ஒரு தட்டலுக்கு ஒரு முழுத் துவைப்பு என்று வைத்தேன்.

ஒவ்வொரு மெஷினிலும் பெரிய எழுத்தில் அதன் எண்ணையும் என் தொலைபேசி எண்ணையும் ஒட்டியிருக்கிறேன். யாராவது அழைத்தால் மெஷின் எண்ணும் நேரமும் போதும், ரீடரின் கணக்குப் பக்கத்தில் அந்தத் தட்டலைத் தேடிப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அட்டை எண் எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்; அது ரீடருக்குள்ளேயே மறைகுறியாக்கப்பட்டுப் போய்விடுகிறது. நாணய அக்செப்டர்களை எடுக்கவில்லை. தொடர்பு அறுந்துபோகும் நேரத்திலும் துணி துவைய வேண்டும், அட்டை இல்லாதவர்களும் வருகிறார்கள்.