வியாழக்கிழமை காலைகள்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் படுக்கை ஒதுக்கும் வேலைக்கு வந்த புதிதில் வியாழன் விடிந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். நள்ளிரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரிடம் போய், "ஐயா, ஐசியூவில் இடமில்லை, இன்னைக்கு நடக்காது" என்று சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் கோபப்படவே இல்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையைத் திருகிக்கொண்டே, "அப்ப எந்தத் தேதிம்மா?" என்று கேட்டார். என்னிடம் தேதி இல்லை.

எமர்ஜென்சி எப்போது எத்தனை வரும் என்று யாருக்குத் தெரியும் என்பார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். ஒருநாள் மனசு கேட்காமல், மூன்று மாத அட்மிஷன் பதிவேட்டைக் கிழமைவாரியாக எண்ணிப் பார்த்தேன். அவசரமாக வந்தவர்கள் தனி, நாங்கள் தேதி கொடுத்து வரவழைத்தவர்கள் தனி. அவசர கேஸ்கள் நாளுக்கு நாள் பெரிதாக மாறவில்லை. தாறுமாறாக ஏறி இறங்கியது நாங்கள் தேதி கொடுத்த வரிசைதான்! பெரிய ஆபரேஷன்கள் எல்லாம் திங்கள், செவ்வாயில் குவிந்திருந்தன. அந்த நோயாளிகள் ஐசியூவை விட்டு வெளியேறுவதற்குள் வியாழன் வந்துவிடும்.

1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறுவிய எளிய கணக்கு ஒன்று உண்டு. நாளுக்குச் சராசரி 12 பேர் சேர்ந்து, ஆளுக்குச் சராசரி 5 நாள் தங்கினால், சராசரியாக 60 படுக்கை நிறைந்திருக்கும். அதற்காக 60 படுக்கை போதும் என்று இருந்துவிட்டால், கூட்டம் ஏறும் நாளில் இடமிருக்காது. நிறைந்திருக்கும் படுக்கைகள் சராசரியாக 85 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து தலைகாட்டும், 90-ஐத் தாண்டினால் நெருக்கடி வாடிக்கையாகிவிடும் என்று 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொல்கிறது.

கணக்கு போட்டது சுலபம். ஆபரேஷன் செய்யும் கிழமையை மாற்றச் சொல்லி சர்ஜன்களிடம் பேசியதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொருவருக்கும் அந்தக் கிழமையைச் சுற்றி ஓபி, வகுப்பு, மற்ற வேலைகள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில், ஐசியூ தேவைப்படும் ஆபரேஷன்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்க ஒப்புக்கொண்டார்கள்.

டிஸ்சார்ஜ் பக்கமும் கை வைத்தோம். காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னாலும், சம்மரி, மருந்து, பில் முடிந்து படுக்கை காலியாகச் சாயங்காலம் ஆகிவிடும். இப்போது சம்மரியை முந்தைய இரவே எழுதி வைக்கிறார்கள்.

ஆபரேஷன் தள்ளிப்போவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் முதல்நாள் மதியமே பட்டியலைப் பார்த்து, இடமிருக்காது என்று தெரிந்தால் அப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன். புதுத் தேதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.