கழிபடும் நாலாவது அட்டை

கோல்ஃப் குழுப் போட்டியின் கணக்கு, பெத்தாங்க் (சின்னக் கட்டைக்குக் கிட்டத்தில் இரும்புக் குண்டை வீசும் ஆட்டம்) பழகிய புதுச்சேரிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மூவர் அணியாக ஆடும்போது ஆளுக்கு 2 குண்டு, அணிக்கு 6. கடைசியில் எதிரணியின் நல்ல குண்டைவிடக் கிட்டத்தில் கிடப்பவற்றுக்கு மட்டும்தான் புள்ளி. எங்கோ ஓடிப்போன குண்டை யாரும் கண்டுகொள்வதில்லை. அடுத்த சுற்றுக்குக் கணக்கு புதிது.

அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாத, ஆண்களுக்கான உலகக் குழுப் போட்டியான ஐசன்ஹோவர் கோப்பையும் இந்த மாதிரிதான். அப்போதைய அமெரிக்க அதிபர், கோல்ஃப் பைத்தியம், அவர் பெயரில் வந்த கோப்பை. முதல் போட்டி 1958 அக்டோபரில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் நடந்தது. வந்தவை 29 அணிகள். அணிக்கு 4 பேர், 4 நாள், நாளுக்கு 18 குழி. தினமும் குறைந்த அடிகள் எடுத்த 3 பேரின் அட்டையை, அதாவது அன்றைய அடிக்கணக்கை, கூட்டுவார்கள், நாலாவது கழிபடும்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். கழிபடுவது ஆள் அல்ல, அன்றைய அட்டை. முதல் நாள் நால்வரும் 72, 74, 75, 81 எடுத்தால் அணிக்கு 221. மறுநாள் அதே வரிசையில் 73, 76, 79, 70 என்றால் 219. நேற்று 81 அடித்துத் தலைகுனிந்தவர்தான் இன்று அணியைத் தூக்குகிறார். மொத்தம் 440. இதையே ஆள்வாரியாகக் கூட்டி, சிறந்த மூவரை எடுத்தால் 446 வரும். 6 அடி வித்தியாசத்தில் கோப்பையே கைமாறிவிடும்.

1958-இல் 1 அடியே பெரிய விஷயமாக இருந்தது. 4 நாள் முடிவில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் தலா 918. மூன்றாவது வந்த பிரிட்டன்-அயர்லாந்து 919. முதல் இரண்டு அணிகளும் இன்னொரு 18 குழி ஆட, ஆஸ்திரேலியா 222, அமெரிக்கா 224. தோற்ற அணியின் ஆடாத கேப்டன் யார் தெரியுமா? கடைசிவரை அமெச்சூராகவே ஆடிய கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸ்! செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது அந்தப் பயணத்தில்தான். கோப்பையைவிட அதுதான் பெரிது என்பது என் கட்சி.

பெண்களுக்கான எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பை 1964-இல் பாரிஸ் அருகே செயின்ட் ஜெர்மெய்னில் தொடங்கியது. அணிக்கு 3 பேர், சிறந்த 2 அட்டை. பிரான்ஸ் சொந்த மண்ணில் அமெரிக்காவை 1 அடியில் வென்றது. அந்த அணியில் இருந்த கேத்தரின் லக்கோஸ்த், 1967-இல் அமெச்சூராகவே தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடும் அமெரிக்கப் பெண்கள் ஓப்பனை வென்றார். சட்டையில் முதலை ஒட்டிய அந்த லக்கோஸ்தின் மகள்தான்.

நம் ஊரில் நண்பர்கள் சேர்ந்து இந்த முறையில் போட்டி வைத்தால், அட்டையில் கண் வையுங்கள். கூட்டல், போட்டியை நடத்துபவரின் வேலை. ஒவ்வொரு குழியின் எண்ணுக்கும் ஆட்டக்காரர்தான் பொறுப்பு. உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த எண்ணே நிற்கும். குறைத்து எழுதினால் தகுதி நீக்கம்.

2002 முதல் ஆண்களுக்கும் 3 பேர், 2 அட்டை. ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மிச்ச 2 அட்டையும் எப்படி இருந்தாலும் ஏறும். கழிக்க ஒன்றும் இருக்காது.