அம்மாவும் அடகுச் சீட்டும்

சின்ன வயதில் வீட்டில் பணமுடை வந்தால் அம்மாவின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போய்விடும். துணைக்கு நானும் போவேன். ஒரே குடும்பம் நடத்திய பழைய கடை அது. பெரியவர் உரசிப் பார்ப்பார், மகன் பேரேடு எழுதுவார், மருமகள் நகையை வாங்கி உள்ளே பெட்டகத்தில் வைப்பார்.

எனக்கு அந்த உரசல்தான் வேடிக்கை. கறுப்பு உரைகல்லில் வளையலை ஒரு இழுப்பு இழுப்பார், மஞ்சளாகக் கோடு விழும். மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், எவ்வளவு என்று தெரிந்த ஊசியால் பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு. பித்தளைக் கோடாக இருந்தால் கரைந்து மறைந்துவிடும். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் உள்ள 22 காரட் கோடு அப்படியே நிற்கும். அவர் தலையசைக்கும்வரை அம்மா வாயே திறக்க மாட்டார்.

எடை போடும்போது பேச ஆரம்பிப்பார். ஒருமுறை கல் வைத்த அட்டிகையைக் கொண்டுபோனோம். கல்லுக்கும் உள்ளே அடைத்த அரக்குக்கும் எடை கழிக்க வேண்டும். பிரித்து நிறுக்க முடியாது, எல்லாம் கண்மதிப்புதான். "பொடிக் கல்லுக்குப் போய் இவ்வளவு கழிக்கிறீங்களே ஐயா" என்று கேட்டுக் கேட்டுக் கழிவைக் குறைக்கவைத்தார். அதற்கப்புறம் அடகுக்கு எடுத்ததெல்லாம் கல் இல்லாத நகைதான்.

சீட்டு கைக்கு வந்ததும் என்னிடம் கொடுத்து, "சத்தமா படி" என்பார். மொத்த எடை, நிகர எடை, மாற்று, தொகை, வட்டி, கெடு தேதி என்று ஒவ்வொன்றாகப் படிப்பேன். வெறுமனே 'வளையல் 2' என்று இருந்தால் விடமாட்டார். "நெளி வளையல்னு போடுங்க தம்பி. ஒண்ணுல நசுங்கல் இருக்கு, அதையும் எழுதுங்க." கடைக்காரர் முகம் சுளித்ததில்லை. நகை உள்ளே போன பிறகு நமக்கென்று இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான். இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, அங்கே நின்று படித்தே புரிந்துகொண்டேன்.

வட்டிக் கணக்கும் அங்கேதான் பிடிபட்டது. நூற்றுக்கு மாதம் 2 என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கும், வருஷத்துக்கு 24 ஆகிறது. வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றிக்கொண்டே போனால் அசல் அசையாது. அதனால் வட்டி கட்டப் போகும்போதெல்லாம் அசலிலும் கொஞ்சம் சேர்த்துக் கட்டுவார் அம்மா. குறைந்த அசலை வைத்துத்தான் அடுத்த மாத வட்டி என்று எழுதவைத்துவிடுவார். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். 'மூழ்கிப்போச்சு' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் போகவில்லை. கெடு நெருங்கினால் பெரியவரே ஆள் விட்டு நினைவூட்டுவார். இதற்காகவே அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

திருப்பும் நாளிலும் அம்மா அவசரப்பட மாட்டார். வளையலை மறுபடி நிறுக்கச் சொல்லிச் சீட்டோடு ஒப்பிடுவார். நசுங்கல் இருந்த இடத்தை விரலால் தடவி, தன் வளையல்தான் என்று உறுதி செய்துகொள்வார். பணம் எண்ணிக் கொடுத்த பிறகு, பேரேட்டில் தன் கணக்குத் தீர்ந்ததாக எழுதிக் குறுக்கே கோடு அடிப்பதை நேரில் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார்.