உயிலில் கிடைத்த மகள்

என் கணவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் கவுண்டி. எங்கள் மகள் வேலை பார்ப்பது வர்ஜீனியாவில். அங்கே அவள் டி.ஏ.ஆர். எனப்படும் 'டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' சங்கத்தில் சேர விரும்பினாள். காகிதம் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆண்கள் தொடங்கிய இதேபோன்ற சங்கம் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1890-ல் வாஷிங்டனில் உருவான அமைப்பு இது. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேர் வாரிசாக இருக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்பா வழி, அம்மா வழி எதுவானாலும் சரி, பெரியப்பா சித்தப்பா உறவு மட்டும் செல்லாது. முன்னோர் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்பதுமில்லை. எங்கள் முன்னோர் ஒரு விவசாயி. பிரிட்டிஷ் மன்னரைத் துறந்து மாநிலத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று 1777 சட்டப்படி உறுதிமொழி எடுத்தவர். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் பலர் சத்தியம் செய்வதே தவறு என்று மறுத்த ஊர்ப்பக்கம் அது.

சங்கத்தின் இணையத் தேடலில் அவர் பெயர் இருந்தது. அவருடைய மகன் வழியில் யாரோ முன்பே சேர்ந்திருந்தார்கள். நாங்களோ மகள் வழி. அந்த மகளை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கீழ்த் தலைமுறைகளுக்குப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை மாமியாரே ஒரு கோப்பில் வைத்திருந்தார். பென்சில்வேனியாவில் மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவு 1906-ல்தான் ஆரம்பம் என்பதால், அதற்கு மேலே தேவாலயப் பதிவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்தான் கதி. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி தீ விபத்தாலும் அதன் பின்விளைவுகளாலும் போய்விட்டது. 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். நாங்கள் தேடிய பெண் அதற்கு முன்பே இறந்தவர். ஆகவே எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயர் இல்லை. கல்லறைக் கல்லில்கூட இன்னாரின் மனைவி என்றுதான் இருந்தது, பிறந்த வீட்டுப் பெயர் கிடையாது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருத்தி யார் மகள் என்று சொல்ல ஒரு வரி இல்லையே என்று மனது கனத்துப் போனது.

இந்த இடத்தில்தான் மாநிலக் கிளைகளின் அருமை புரிந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ரீஜென்ட் என்ற தலைவி, அவருக்குக் கீழே ஊர் ஊராகச் சாப்டர்கள் என்ற கிளைகள், சாப்டருக்கு விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரார். எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வர்ஜீனியா ரெஜிஸ்ட்ரார் எங்கள் விவரத்தைப் பென்சில்வேனியாவில் இருந்த ஒருவருக்கு எழுதினார். அந்த அம்மா எங்களை முன்பின் பார்த்ததில்லை. லங்காஸ்டரில் உயில் புத்தகங்களைப் புரட்டி, விவசாயியின் உயிலைக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினார். அதில் மகளின் பெயர், பக்கத்திலேயே மருமகனின் பெயர். கல்யாணத்தின்போது கொடுத்த பசுவையும் நூற்கும் ராட்டையையும் அவள் பங்கில் கழித்துக்கொள்ள வேண்டுமாம். சீர்க் கணக்கு எந்த ஊரிலும் விட்டுப்போகாது போலிருக்கிறது! அந்த வரிதான் எங்களுக்கு வேண்டிய சான்று.

இதற்கிடையே மகளிடம் ஒன்றைக் கேட்டேன். 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கத்தை மறுத்த சங்கம்தானே இது? அன்றைய ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதைக் கண்டித்துச் சங்கத்திலிருந்து விலகினார். ஆண்டர்சன் லிங்கன் நினைவகப் படிகளில் பாடினார். "தெரியும்மா. அப்போது சேர்ந்திருக்க மாட்டேன். இப்போது அவர்களே போரில் பங்கெடுத்த கறுப்பின, பூர்வகுடி மக்களின் பெயர்களைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவளும் உள்ளே இருக்க வேண்டும்" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது.

சாப்டரில் இருவர் பரிந்துரைத்தார்கள். விண்ணப்பம் வாஷிங்டன் போனது. அங்குள்ள வம்சாவளி ஆய்வாளர்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரத்தைச் சரிபார்த்து, ஒரு திருமணத்துக்குக் கூடுதல் சான்று கேட்டார்கள். தேவாலயப் பதிவின் நகலைக் கொடுத்தோம், ஒப்புதல் வந்துவிட்டது. இப்போது என் மகள், வேறு மாநிலத்தில் விண்ணப்பித்திருக்கும் ஒரு பெண்ணுக்காக வர்ஜீனியா நில ஆவணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.